14 மாதம் காலியாக இருந்த நாற்காலி: தென்னாப்பிரிக்க வருவாய் சேவையில் தலைமை கைமாறிய விதம்

டர்பனில் நம்ம ஆட்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். பெரியவர்கள் சிலர் மட்டும் நின்று, நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டு டீ குடிப்போம். அப்படி ஒரு நாள், அரசுத் துறை ஒன்றில் எட்டு வருடமாக வேலை பார்க்கும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, எங்க மேனேஜர் டிசம்பரோட ரிட்டயர் ஆகுறார். அடுத்து யாருன்னு கேட்டா, 'மேல பாத்துக்குவாங்க'ன்னு சொல்றாங்க. மேல யாரு மாமா பாக்குறாங்க?"

நான் 31 வருடம் அரசு வேலை பார்த்தவன். கடைசிப் பத்து வருடம் பயிற்சிப் பிரிவில். இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், இதே பதிலை வாங்கியும் இருக்கிறேன். அவளிடம், "சார்ஸ் கதைய எடுத்துப் படி கண்ணு" என்றேன். "அது ஊழல் கதைதானே மாமா?" என்றாள்.

தென்னாப்பிரிக்க வருவாய் சேவை, நாம் எல்லோரும் சார்ஸ் என்று சொல்லும் வரி வசூல் நிறுவனம், 2014க்கும் 2018க்கும் இடையில் சிதைந்துபோனதைப் பத்திரிகைகள் ஊழல் கதையாகத்தான் சொல்லின. ஊழல் உண்மைதான். ஆனால் அது உள்ளே நுழைய ஒரு வாசல் திறந்து கிடந்தது. சார்ஸின் தலைவரை ஆணையர் என்பார்கள். அடுத்த ஆணையர் யார், எப்படித் தேர்வாவார் என்பதற்கு எழுதிவைத்த வழிமுறை எதுவும் இல்லை. திறமையான ஆட்களை வரிசையாக வளர்த்துவைத்திருந்த ஒரு நிறுவனம், அந்த ஒரு குறையால் நாலு வருடத்தில் குலைந்தது. அந்தப் பெண்ணுக்காகத் தொடங்கிய குறிப்பு இது. எழுத எழுத நீண்டுவிட்டது.

வரிசை வளர்ந்த காலம்

1997ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டப்படி, உள்நாட்டு வருவாய்த் துறையும் சுங்கத் துறையும் ஒன்றாக்கப்பட்டு சார்ஸ் பிறந்தது. அமைச்சகத்தின் ஒரு கிளையாக இல்லாமல், தன் ஆட்களைத் தானே தேர்ந்து, தன் அமைப்பைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை அதற்குக் கிடைத்தது. நிறவெறி ஆட்சி முடிந்து மூன்றே வருடம் ஆகியிருந்தது. உயர் நாற்காலிகளில் பெரும்பாலும் பழைய ஆட்கள். வரி கட்டுவது வெள்ளை அரசாங்கத்துக்குக் காசு கொடுப்பது என்ற எண்ணம் மக்களிடம் ஊறிப்போயிருந்தது. அந்த நிலையில் இருந்து ஒரு நம்பிக்கையான வரி அலுவலகத்தைக் கட்ட வேண்டும்.

டர்பனில் பிறந்து, மருந்தாளுநராகப் படித்து, விடுதலைப் போராட்டத்தில் வளர்ந்த பிரவின் கோர்தன் 1998இல் அங்கே போனார். போனது துணை ஆணையராக. 1999இல்தான் ஆணையர் ஆனார். இந்தச் சின்ன விவரத்தைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து அலுவலகம் எப்படி மூச்சுவிடுகிறது என்று பார்த்த பிறகே முதல் நாற்காலிக்கு வந்தார். பத்து வருடம் அங்கே இருந்தார். "சியாக்கா" என்று ஜூலு மொழியில் பெயர் வைத்து, கட்டுகிறோம் என்ற பொருளில், கிளைகளின் வேலைமுறையையே மாற்றினார். அதன் முதல் சோதனை டர்பன் இருக்கும் நம்ம குவாசூலு நட்டால் மாகாணத்தில்தான் நடந்தது.

அந்தப் பத்து வருடத்தில் அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது கணினியோ கட்டடமோ இல்லை. தனக்குக் கீழே ஒரு வரிசையை வளர்த்தது. டர்பன் மெர்பேங்கில் வளர்ந்த நம்ம தமிழ்ப் பிள்ளை, தலைமறைவுப் போராளியாக இருந்த ஐவன் பிள்ளை, வரி ஏய்ப்பைப் பிடிக்கும் அமலாக்கப் பிரிவைக் கட்டி எழுப்பினார். எட்வர்ட் கீஸ்வெட்டர் 2004இல் வந்து துணை ஆணையராக இருந்தார். ஊப்பா மகஷுலா உள்ளேயே உயர்ந்தார். மிகப் பெரிய நிறுவனங்களின் வரியைக் கவனிக்க ஒரு தனி மையம், அதற்கென்று கணக்காளர்கள், வழக்கறிஞர்கள். ஒருவர் விடுப்பில் போனால் இன்னொருவர் அந்தக் கோப்பை எடுத்து நடத்தக்கூடிய நிலை.

2009இல் கோர்தன் நிதியமைச்சர் ஆனார். மகஷுலா ஆணையர் ஆனார். மறுநாள் வசூல் நிற்கவில்லை. பயிற்சிப் பிரிவில் நாங்கள் இதைத்தான் நல்ல உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அரசாங்கத்தில் தலை மாறியும் உடம்பு ஆடாமல் நின்ற இடம் என்று.

இப்போது திரும்பிப் பார்த்தால் நாங்கள் அரைக்கண்ணால்தான் பார்த்திருக்கிறோம். அந்த வரிசை ஒருவருக்கு ஒருவர் வைத்திருந்த நம்பிக்கையில் நின்றது. போராட்ட காலத்தில் தோளோடு தோள் நின்றவர்கள் பலர் அதில் இருந்தார்கள். நல்லவர்கள் கையில் இருந்தவரை அது பலமாக இருந்தது. காகிதத்தில் மட்டும் எதுவும் இல்லை. சட்டம் சொன்னது இவ்வளவுதான்: ஆணையரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார், ஐந்து வருடத்துக்கு மேற்படாத காலத்துக்கு, வேண்டுமானால் மறுபடியும். எங்கே தேடுவது, யார் நேர்காணல் செய்வது, வரி நிர்வாகம் தெரிந்திருக்க வேண்டுமா, உள்ளே இருப்பவர்களைப் பரிசீலித்தே ஆக வேண்டுமா, ஒன்றுமே இல்லை. வழக்கம் நல்லதாக இருந்ததால் சட்டத்தின் மௌனம் யாருக்கும் கேட்கவில்லை.

பொறுப்பு ஆணையர் என்ற மெல்லிய நூல்

2013 ஜூலையில் மகஷுலா பதவி விலகினார். ஒரு வேலைவாய்ப்பு தொடர்பாக அவர் பேசிய தொலைபேசிப் பேச்சு பற்றிய விசாரணை அதற்குக் காரணம். ஐவன் பிள்ளை பொறுப்பு ஆணையர் ஆனார். அடுத்த ஆணையர் வந்தது 2014 செப்டம்பரில்.

இடையில் 14 மாதம். இந்த ஆய்வில் நான் அதிகம் யோசித்தது இந்த 14 மாதத்தைப் பற்றித்தான்.

பொறுப்பில் இருப்பவருக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் உண்டு. ஆனால் நாளை இந்த நாற்காலி இருக்குமா என்று அவருக்கும் தெரியாது, கீழே இருப்பவர்களுக்கும் தெரியாது. நீண்டகால முடிவு எடுக்கத் தயங்குவார். எடுத்தால், "பொறுப்புதானே, இவருக்கு எதற்கு இது" என்பார்கள். அவருக்கு எதிராகக் கதை கட்ட நினைப்பவர்களுக்கு அதுதான் நல்ல நேரம். அவரைத் துரத்தத் தனியாக ஒரு காரணம்கூட வேண்டாம், வேறொருவரை நியமித்தாலே போதும். அதே 2014 மே மாதம் தேர்தல் முடிந்து அமைச்சரவை மாறியது. கோர்தன் நிதியமைச்சகத்தை விட்டு வேறு அமைச்சகத்துக்கு அனுப்பப்பட்டார். சார்ஸுக்கு மேலே இருந்த கையும் மாறிவிட்டது, உள்ளே இருந்த தலையும் தற்காலிகம்.

உள்ளே தகுதியானவர்கள் இல்லையா? வரிசையாக இருந்தார்கள். அடுத்த தலைமையைத் தயார் செய்வது என்றால் ஆட்களை வளர்ப்பது என்று மட்டும் நினைக்கிறோமே, அந்த நினைப்பு இங்கேதான் உடைகிறது. ஆட்களை வளர்த்தது பாதி வேலை. நாற்காலி காலியானால் எத்தனை நாளுக்குள், யார் முன்னிலையில், என்ன தகுதியைப் பார்த்து நிரப்ப வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது மீதிப் பாதி. சார்ஸ் முதல் பாதியை நாட்டிலேயே சிறப்பாகச் செய்தது. இரண்டாம் பாதி அதன் கையில் இல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

2014 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஸூமா, சிறைத்துறையின் முன்னாள் தலைவர் டாம் மொயானேயை ஆணையராக நியமித்தார். வெளியாள் என்பதற்காக நான் குறை சொல்லவில்லை. கோர்தனும் ஒரு காலத்தில் வெளியாள்தான். குறை வேறு இடத்தில் இருந்தது. நியமனம் அறிவிக்கப்படும் முன்பே, பெயின் அண்ட் கம்பெனி என்ற ஆலோசனை நிறுவனத்தின் ஆட்கள் மொயானேயையும் ஸூமாவையும் சந்தித்து, சார்ஸை மாற்றியமைக்கும் திட்டத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ராபர்ட் நியூஜென்ட் தலைமையிலான ஆணையம் 2018இல் இதை வெளிக்கொண்டுவந்தது. ஸூமா காலத்து ஊழல்களை விசாரித்த ஸோண்டோ ஆணையத்தின் அறிக்கையில், 2022இல் வந்த முதல் பாகமும் அதை உறுதிசெய்தது. அடுத்த தலைவரைத் தயார்ப்படுத்தும் வேலை அங்கேயும் நடந்திருக்கிறது என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. அலுவலகத்துக்கு வெளியே, அலுவலகத்துக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது.

முதலில் உடைந்தது நடு வரிசை

புதிய ஆணையர் வந்த சில வாரங்களில், 2014 நவம்பரில், நிர்வாகக் குழு கலைக்கப்பட்டது. சார்ஸுக்குள் ரகசிய உளவுப் பிரிவு ஒன்று இருந்தது என்ற பத்திரிகைச் செய்திகள் அதற்குக் காரணம் காட்டப்பட்டன. அந்தச் செய்திகளை வெளியிட்ட பத்திரிகையே 2016இல் மன்னிப்புக் கேட்டது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டிசம்பரில் ஐவன் பிள்ளை பணியிடை நீக்கம். 2015 மே மாதம் அவர் விலகினார். கணினி நவீனமயமாக்கலை நடத்திய உயரதிகாரியும் போனார். அந்தத் திட்டமும் அப்படியே நிறுத்தப்பட்டது.

2010இல் பிள்ளை முன்கூட்டியே ஓய்வு பெற்று மறுபடி ஒப்பந்தத்தில் சேர்ந்தது பற்றி, 2016இல் அவர்மீதும் கோர்தன், மகஷுலா மீதும் குற்றச்சாட்டுகள் அறிவிக்கப்பட்டன. அந்த அக்டோபர் மாதக் கடைசியிலேயே அவை திரும்பப் பெறப்பட்டன. அனுபவமுள்ள ஒருவரை ஓய்வுக்குப் பிறகும் வேலையில் வைத்துக்கொள்வது எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். ஆனாலும் அப்படிச் செய்யும்போது காரணத்தையும் ஒப்புதலையும் சுத்தமாக எழுதிவைக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் அழுத்திச் சொன்னேன். நல்ல எண்ணத்தில் செய்ததுகூட ஆறு வருடம் கழித்து நீதிமன்றப் படிக்கட்டுக்கு இழுக்கப்படலாம்.

2015இல் பெயின் வரைந்த புதிய அமைப்பு வந்தது. மேலே இருந்த ஒரு பத்துப் பேர் போனதைவிட இது ஆழமான காயம் என்பது என் கணிப்பு. 200க்கு மேற்பட்ட மேலாளர்கள் தங்கள் இடத்தை இழந்தார்கள். பலருக்கு "துறை வல்லுநர்" என்றோ உபரிப் பணியிடம் என்றோ ஒரு பெயர் கொடுத்து உட்கார வைத்தார்கள். சம்பளம் வந்தது, வேலை வரவில்லை. பெரிய நிறுவனங்களைக் கவனித்த மையம் பிரித்துப் போடப்பட்டது.

ஒரு அரசு அலுவலகத்தில் நடு மேலாளர் யார்? மேலே இருந்து வரும் கொள்கையைக் கீழே நடக்கும் வேலையாக மாற்றுபவர். 15 வருடம் கழித்துத் தலைவராகப் போகிறவரும் அவர்தான். இன்றைய நடு வரிசையே நாளைய மேல் வரிசை. அவர்களைச் சும்மா உட்கார வைத்தால் இன்றைய வேலை கெடுவதோடு, அடுத்த பத்து வருடத்துக்கான விதைநெல்லையும் அவித்துவிட்டோம் என்று பொருள்.

சும்மா உட்கார வைக்கப்படுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சார்ஸில் இல்லை. நான் வேலை பார்த்த அலுவலகத்தில், பெயர் வேண்டாம், ஓய்வூதியக் கோப்புகளைப் பார்த்த ஒரு அண்ணன் இருந்தார். விதவைகள் வருவார்கள். கல்யாணப் பதிவு இல்லாத பழைய கல்யாணம், கரும்புத் தோட்டத்துப் பதிவேட்டில் தப்பாக எழுதின பேர், நாலு எழுத்தில் நாலு விதமாக இருக்கும் ஒரே குடும்பப் பேர். இவற்றை எந்தக் காகிதத்தால் நிரூபிக்கலாம் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒரு மறுசீரமைப்பு வந்தது. அவரை ஜன்னல் ஓரத்து மேசைக்கு மாற்றினார்கள். பதினோரு மாதம் அங்கே பத்திரிகை படித்தார். ஒரு வெள்ளிக்கிழமை கேக் வெட்டி அனுப்பினோம். திங்கட்கிழமை காலையில் ஒரு ஆயா கையில் பையோடு வந்து அவரைத் தேடினார். "அவரு வர மாட்டாரா தம்பி? அவருக்குத்தான் தெரியும்" என்றார். அந்தப் பதினோரு மாதத்தில் அவர் பக்கத்தில் ஒரு இளம் பிள்ளையை உட்கார வைத்திருக்கலாம். பயிற்சிப் பிரிவில் இருந்தவன் நான். நானும் கேட்கவில்லை. அந்த ஆயாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் நியூஜென்ட் ஆணையத்தின் அறிக்கையில் வேலை இல்லாமல் உட்கார வைக்கப்பட்ட மேலாளர்களைப் பற்றிய பகுதி எனக்கு வெறும் நிர்வாகச் செய்தியாகத் தெரியவில்லை.

சமையலறை வரை வந்த கணக்கு

உடைந்தது தலைமையகத்தில் என்றாலும் வலி எங்கெங்கோ வந்தது. கட்டிய மதிப்புக் கூட்டு வரியில் திரும்ப வர வேண்டிய பணம் தாமதமாகிறது என்ற புகார்கள் குவிந்தன. வரி கட்டுவோரின் புகார்களை விசாரிக்கும் வரி நடுவரே 2017இல் அது பற்றி அறிக்கை கொடுத்தார். திரும்ப வர வேண்டிய பணத்தை நம்பிச் சரக்கு எடுக்கும் சின்ன வியாபாரிக்கு அது மூச்சு முட்டும் விஷயம். 2017 அக்டோபரில் நிதியமைச்சர் அந்த நிதியாண்டின் வரி வருவாய் எதிர்பார்த்ததைவிட 50.8 பில்லியன் ராண்ட் குறையும் என்று அறிவித்தார். 2018 ஏப்ரல் 1 முதல் மதிப்புக் கூட்டு வரி 14 சதவீதத்தில் இருந்து 15 சதவீதம் ஆனது. 1993க்குப் பிறகு முதல் உயர்வு.

பற்றாக்குறை முழுவதையும் சார்ஸின் தலையில் போடுவது நியாயம் இல்லை. பொருளாதாரமும் படுத்திருந்தது. ஆனால் வசூலிக்கும் கை தளர்ந்ததும் காரணங்களில் ஒன்று என்பதை நியூஜென்ட் விசாரணைக்குப் பிறகு மறுக்க முடியாது. அரிசிக்கும் பருப்புக்கும் பழுப்பு ரொட்டிக்கும் அந்த வரி கிடையாது. வெள்ளை ரொட்டிக்கு உண்டு. நம்ம பன்னி சௌ, வெள்ளை ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித்தானே செய்கிறோம். தலைமையகத்தில் ஒரு நாற்காலியை யார் நிரப்பினார்கள் என்பது கடைசியில் கிரே தெரு மத்தியான சாப்பாட்டின் விலைக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. தெருவுக்கு இப்போது டாக்டர் யூசுப் தாதூ பெயர். எங்கள் வாயில் இன்னும் கிரே தெருதான்.

மறுதாம்பு

எங்கள் தாத்தாக்கள் கரும்பு வெட்ட வந்தவர்கள். வெட்டின கரும்பு மறுபடி துளிர்க்கும், மறுதாம்பு என்பார்கள். அதற்கு அடிக்கட்டை மண்ணுக்குள் உயிரோடு இருக்க வேண்டும். வேரோடு பெயர்த்துப் போட்டால் புதிதாகத்தான் நட வேண்டும், காத்திருக்க வேண்டும். சார்ஸ் ஓரளவு வேகமாக எழுந்ததற்குக் காரணம் தேடினால் எனக்கு இந்த அடிக்கட்டைதான் கண்ணில் படுகிறது.

சிரில் ரமபோசா குடியரசுத் தலைவர் ஆனதும் 2018 மார்ச்சில் மொயானேயைப் பணியிடை நீக்கம் செய்தார். நியூஜென்ட் ஆணையத்தின் இடைக்கால அறிக்கைக்குப் பிறகு நவம்பர் 1 அன்று பதவியில் இருந்தே நீக்கினார். பொறுப்பு ஆணையராக மார்க் கிங்கன் வந்தார். அந்த நிறுவனத்துக்குள்ளேயே பல பத்து வருடம் வேலை பார்த்தவர். கவனியுங்கள், மறுபடியும் ஒரு பொறுப்பு ஆணையர், மறுபடியும் ஒரு வருடத்துக்கு மேல். ஆனால் இந்த முறை அந்த இடைவெளி வேறு மாதிரி நடந்தது. ஒரு ஆணையம் பகிரங்கமாக உட்கார்ந்து சாட்சி கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் வந்து வாய் திறந்தார்கள். சட்டவிரோத வணிகத்தைப் பிடிக்கும் பிரிவு 2018இலேயே மறுபடி தொடங்கப்பட்டது. காலி நாற்காலி ஆபத்துதான். ஆனால் எல்லோர் கண்ணும் அதன்மேல் இருந்தால், யாரும் ராத்திரியில் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

2018 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கை, நேர்மையிலும் நிர்வாகத்திலும் மாபெரும் தோல்வி நடந்ததாகச் சொன்னது. ஆணையரைத் தேர்வது வெளிப்படையான முறையில், ஒரு குழு விண்ணப்பதாரர்களைப் பார்த்துப் பரிந்துரைக்கும் முறையில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. எந்த ஆட்சி வந்தாலும் அந்த வாசலில் ஒரு நிலைப்படி இருக்கட்டும் என்ற கருத்து.

அடுத்த நியமனத்தில் அதைச் செய்தும் காட்டினார்கள். முன்னாள் நிதியமைச்சர் டிரெவர் மானுவல் தலைமையில் ஒரு குழு விண்ணப்பதாரர்களை நேர்காணல் செய்தது. 2019 மே 1 அன்று எட்வர்ட் கீஸ்வெட்டர் ஆணையர் ஆனார். கோர்தன் காலத்துத் துணை ஆணையர், பிறகு தனியார் நிதி நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்தவர், திரும்பி வந்தார்.

இங்கே ஒரு கேள்வி வரும், அந்தப் பெண்ணும் கேட்டாள்: "அப்ப பழைய ஆளையே கூப்பிட்டுட்டாங்க. இதுல புது வரிசை எங்க மாமா?" சரியான கேள்வி. என் பதில் இது. வெளியே போனவர்களும் ஒரு நிறுவனத்தின் வரிசைதான். மரியாதையாக அனுப்பினால் ஒரு நாள் திரும்பி வருவார்கள். கீஸ்வெட்டர் மதிப்போடு போனவர், அதனால் வர முடிந்தது. அவமானப்படுத்தி அனுப்பப்பட்டவர்களுக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. உளவுப் பிரிவு பற்றிய குற்றச்சாட்டில் ஐவன் பிள்ளை உள்ளிட்டோர் மீதான வழக்கு 2020 பிப்ரவரியில்தான் திரும்பப் பெறப்பட்டது. அதே 2020இல் சார்ஸ் அவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. ஐந்து, ஆறு வருடம் ஒரு மனிதனின் ஆயுளில் போய்விட்டது. மெர்பேங்கில் அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் இதைப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும்.

கீஸ்வெட்டர் வந்தபோது, உட்கார வைக்கப்பட்டிருந்த மேலாளர்களில் பலர் இன்னும் கட்டடத்துக்குள் இருந்தார்கள். அவர்கள்தான் அடிக்கட்டை. பெரிய நிறுவனங்களுக்கான பிரிவு மறுபடி எழுந்தது. பெயின் தான் வாங்கின 164 மில்லியன் ராண்ட் கட்டணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. 2022இல் தென்னாப்பிரிக்க நிதித்துறை, அரசு வேலைகளை எடுக்கக் கூடாது என்று பெயினுக்குப் பத்து வருடத் தடை போட்டது. வசூல் 2018/19இல் சுமார் 1.29 டிரில்லியன் ராண்டாக இருந்தது. 2024/25இல் 1.86 டிரில்லியனை நெருங்கியது. விலைவாசியும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது, மறக்கக் கூடாது. ஆனாலும் கை மறுபடி பலமானது தெரிகிறது.

எனக்குத் திருப்தி இல்லாத இடங்கள்

கீஸ்வெட்டரின் ஐந்து வருடம் 2024 ஏப்ரலில் முடிய வேண்டியது. இரண்டு வருடம் நீட்டித்தார்கள், 2026 ஏப்ரல் வரை. நல்லவரை நீட்டித்ததில் தப்பு என்ன என்பார்கள். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒவ்வொரு நீட்டிப்பும், "அடுத்தவர் இன்னும் தயார் இல்லை" என்று அரசாங்கமே எழுதிக்கொடுக்கும் சான்றிதழ். ஒரு ஆணையர் வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே, தன் இடத்துக்கு வரக்கூடிய மூன்று பேரையாவது வளர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டாவது வருடத்தில் அவர்களைப் பெரிய வேலைகளில் மாற்றி மாற்றிப் போட்டிருக்க வேண்டும். நாலாவது வருடத்தில் குழு முன்னால் நிறுத்தக்கூடிய நிலை வந்திருக்க வேண்டும். உடைந்த வீட்டை ஒட்டவைப்பதிலேயே நாலு வருடம் போனால் இதற்கு எங்கே நேரம் என்பதும் உண்மை. 2015இல் அவித்த விதைநெல்லின் விலை 2024இலும் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, பொதுவான அரசுத் துறைகளின் நிலை. 2020 ஏப்ரல் முதல், மூத்த நிர்வாகப் பதவிக்கு வருபவர்கள் "நியூகெலா" என்ற முன்பயிற்சிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். 2022இல் அமைச்சரவை பொதுத்துறையைத் தொழில்நேர்த்தியாக்கும் தேசியக் கட்டமைப்பை ஏற்றது. இவை நல்ல தொடக்கம். ஆனால் இரண்டும் உள்ளே வருபவரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகின்றன. வெளியே போகிறவர் தலையில் இருப்பதை யார் வாங்கி வைத்துக்கொள்வது என்பதற்கு ஒவ்வொரு அலுவலகமும் தன் கையால் செய்தால்தான் உண்டு.

நம்ம சமூகத்துக்குள்ளேயும் பார்க்கிறேன். 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் கட்டிய கோயில்கள், பள்ளிகள், சங்கங்கள். பல இடங்களில் ஒரே தலைவர் இருபது, முப்பது வருடம். அவர் கண்ணை மூடினால் வங்கிக் கணக்கில் யார் கையெழுத்துப் போடுவது என்று தெரியாது. ஆடி மாதக் கூழுக்கு அண்டா யார் வீட்டில் இருக்கிறது என்பதுகூட அவருக்கு மட்டும்தான் தெரியும். பெரியவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் கோயில் இருந்திருக்காது. அந்தப் பாசத்தாலேயே கேட்கிறேன்: பக்கத்தில் ஒரு இருபத்தைந்து வயதுப் பிள்ளையை உட்கார வைத்தீர்களா?

அந்தப் பெண்ணின் காகிதம்

இவ்வளவும் பேசி முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது. அவள் கேட்டாள், "நான் ஆணையர் இல்ல, மேனேஜரும் இல்ல. நான் என்ன மாமா செய்ய முடியும்?"

"உங்க பிரிவுல மாசாமாசம் நடந்தே ஆகணும்ங்கிற வேலைய எல்லாம் ஒரு பக்கம் எழுது. பக்கத்துல அத யாரு செய்றாங்கன்னு எழுது. அதுக்குப் பக்கத்துல, அவங்க நாளைக்கு வரலேன்னா யாரு செய்வாங்கன்னு எழுது" என்றேன். "எழுதி உங்க மேனேஜர்கிட்டயே கொடு. குறை சொல்ற மாதிரி கொடுக்காத. 'சார், நீங்க போறதுக்கு முன்னாடி இத நிரப்பித் தாங்க'ன்னு கேளு."

அடுத்த சனிக்கிழமை அவள் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாள். 23 வேலைகள். மூன்றாவது பத்தியில் 14 இடம் வெறுமையாக இருந்தது. அந்தப் பதினான்கில் ஒன்பது வேலைக்கு இரண்டாவது பத்தியில் மேலாளரின் பெயர்.

"பாத்துட்டு ரொம்ப நேரம் பேசல மாமா" என்றாள். "அப்புறம் நாற்காலிய இழுத்து அவர் பக்கத்துல போட்டு, திங்கட்கிழமையில இருந்து காலையில ஒரு மணி நேரம் வந்து உக்காருன்னு சொன்னார்."